கேப்டன் பார்னார்டும் பொதிலி ஊர்க் கிணறுகளும்

வத்திராயிருப்புக்கு அறிவியல் உலகில் அழியாத இடம் தேடித் தந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4ஆம் நாள் அவ்வூரில் பிறந்த அவர், உள்ளூரிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பெற்று, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஆகியவற்றில் பயின்று, கல்கத்தாவில் சர் சி. வி. இராமனின் ஆய்வுத் துணைவராக விளங்கினார். 1928இல் இராமன் விளைவு வெளிப்பட்டதில் அவருக்குள்ள பங்கைப் பலரும் அறிவர். அவர் அதன்பின் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்ததை அறிந்தோர் குறைவு. இலண்டனைச் சேர்ந்த கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பைக் கண்டறிந்தவர். அவ்வம்மையாரும் கிருஷ்ணனும் இணைந்து 1936இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். கண்ணுக்குப் புலப்படாத உள்ளமைப்பை, வெளியே தோன்றும் ஒரு விளைவைக் கொண்டு உய்த்துணர்வது அவ்வுரையின் நெறி.

அடுத்த ஆண்டில், அதே எக்ஸ் கதிர்களைக் கொண்டு மனித எலும்பின் உள்ளமைப்பை ஆராய்ந்த மற்றோர் ஆய்வுரை சென்னையிலிருந்து வெளிவந்தது. அதன் ஆசிரியர் நால்வருள் ஒருவர் கதிரியல் மருத்துவத் துறையைச் சேர்ந்த கேப்டன் டி. டபிள்யூ. பார்னார்டு. கிருஷ்ணனின் பெயரைப் பாடநூல்கள் காத்து வைத்துள்ளன. பார்னார்டின் பெயரோ சென்னை அரசு பொது மருத்துவமனையில் ஒரு கட்டடத்தின் நெற்றியில் இருக்கிறது. நாள்தோறும் அதன் வாயிலைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர் அப்பெயருக்குரியவர் யார் என்று எண்ணியிருப்பர்? அவரும் அவருடைய தோழர்களும் கண்டறிந்த உண்மை தமிழகத்துச் சிற்றூர்களையும் தொடுவது. ஆதலால் அவ்வரலாறு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது.

1895 நவம்பர் 8ஆம் நாள் செருமனியின் வூர்ட்சுபர்க் நகரில் வில்லெம் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். மோதிரம் அணிந்த தம் மனைவியின் கையை அவர் எடுத்த படம் சில வாரங்களிலேயே உலகெங்கும் பேசப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. 1901இல் இயற்பியலுக்கென வழங்கப்பட்ட முதல் நோபல் பரிசின் தொகையையும் தம் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். அந்த ஈகையினால்தான் எக்ஸ் கதிர்க் கருவி விரைவில் எல்லா நாட்டு மருத்துவமனைகளுக்கும் சென்று சேர்ந்தது எனலாம். ஆயினும் அக்கதிரின் கொடுமையையும் மருத்துவர்களே முதலில் அனுபவித்தனர். கருவி சரியாக இயங்குகிறதா என்று தம் கையையே குறுக்கே வைத்துப் பார்த்த முன்னோடிகள் பலர் விரல்களை இழந்தனர். புற்றுநோய் கண்டு மாண்டனர். அவ்வாறு உயிர் நீத்தோருக்காக 1936இல் ஆம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டபோது அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. பின்னர் மேலும் பல பெயர்கள் சேர்ந்தன.

சென்னையில் கதிரியலுக்கெனத் தனி நிறுவனம் 1934 மார்ச்சு 26 அன்று ஆளுநர் சர் சார்ச்சு ஸ்டான்லி அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. அதற்குப் பார்னார்டின் பெயரே சூட்டப்பட்டது. அவர் பணியில் இருக்கும்போதே இச்சிறப்பு நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. நம் நாட்டில் கட்டடங்களுக்குப் பெயர் சூட்டுவதற்குப் பெரும்பாலும் ஒருவர் மறையும் வரை காத்திருப்பது வழக்கம். நோய் அறிவதற்குரிய எக்ஸ் கதிர்ப் படப் பிரிவும், புற்றுநோய்க்குரிய ரேடியம் முதலிய கதிர் மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த இத்தகைய நிறுவனம் அந்நாளில் கீழை நாடுகளில் அரிது. பார்னார்டுக்குப் பின் டாக்டர் பி. இராமராவ் அதன் தலைமையை ஏற்றார்.

அக்காலத்தில் கதிரியல் மருத்துவர் ஆவதற்குரிய பாதை இன்றுபோல் வகுக்கப்படவில்லை. இன்று மருத்துவப் பட்டம் பெற்றவர் மூன்றாண்டு மேற்படிப்பு முடித்து இத்துறைக்கு வருகிறார். அன்று கருவியை இயக்கத் தெரிந்தவரே கதிரியல் அறிஞர். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் 1920இல்தான் இத்துறைக்குப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. முறையாகக் கற்க விரும்பிய இந்தியர் கப்பல் ஏற வேண்டியிருந்தது. பார்னார்டு நிறுவனம் எழுந்தபின் தென்னாட்டு மருத்துவர் பலர் இங்கேயே பயிற்சி பெற வழி பிறந்தது. பயிற்சியும் எளிதன்று. மின்னும் திரையில் உடலின் உள்ளுறுப்பு அசைவதைக் காண்பதற்கு முன் மருத்துவர் சிவப்புக் கண்ணாடி அணிந்து, கண் இருளுக்குப் பழகும் வரை காத்திருக்க வேண்டும். ஈயம் கலந்த கனத்த மேலங்கியைச் சென்னைக் கோடையிலும் களைய இயலாது. எடுத்த படத்தை இருட்டறையில் மருந்து நீரில் கழுவி, ஈரம் காயுமுன்னரே ஒளிப்பெட்டியில் மாட்டிப் படிப்பதும் உண்டு.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணி செய்பவரையும் வள்ளுவர் ஒரு கூறாக எண்ணுகிறார். இருட்டறையில் படம் கழுவியவர், நோயாளியின் வலியுள்ள முதுகை மெல்லத் திருப்பிக் கிடத்தியவர் ஆகியோரின் பெயர்களை எந்த ஆய்வுரையும் தாங்கவில்லை. எனினும் அவர்கள் இல்லாமல் ஒரு படமும் தெளிவாக அமைந்திராது.

நோயாளி அங்கு வந்து சேர்வதே ஒரு பெரும் பயணம். விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1927இல். அதற்கு முன் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தார் தொடர்வண்டி ஏறுவதற்கே மாட்டுவண்டியில் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். பாதை வந்தபின்னும் வத்திராயிருப்புக்காரர் திருவில்லிபுத்தூர் வந்து, விருதுநகரில் வண்டி மாறி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று எழும்பூரில் இறங்க வேண்டும். வடக்கே நெல்லூர் மாவட்டத்து வறண்ட ஊர்களில் வாழ்ந்தோருக்கும் சென்னையே தலைநகர். மாகாணம் பிரிவதற்கு முன் அவ்வூர்களும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தனவே. எந்தத் திசையிலிருந்து வந்தாலும், நோய் முற்றியபின்தான் ஏழை உழவன் அந்த வாயிலை அடைந்தான். 

பொதிலி, தர்சி, கனிகிரி ஆகியவை அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அமைந்த வானம் பார்த்த ஊர்கள். பின்னர் அவை பிரகாசம் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆறு இல்லை; கிணற்று நீரே உயிர். அவ்வட்டாரத்தில் நடுவயது அடைந்தவர்கள் முதுகு வளைந்து விறைத்துப் போயினர். முதலில் கைகால்களில் மதமதப்பு. பின்னர் இடுப்பிலும் முதுகிலும் வலி. பின்னர்க் கழுத்தைத் திருப்ப இயலாத நிலை. விலா எலும்புகள் அசைவிழந்து போக, மூச்சு வயிற்றால் மட்டுமே இயங்கும். முடிவில் சிலர் கால்கள் செயலற்றுப் படுக்கையில் வீழ்ந்தனர். கால்நடைகளையும் அந்நோய் விடவில்லை. தென்னாட்டில் மனிதரிடம் அறியப்படுமுன் மாடுகளிடமே அது அறியப்பட்டது. ஏர் இழுக்க வேண்டிய காளை எழ மாட்டாமல் கிடப்பது உழவனுக்கு உடனே தெரிந்து விடுகிறது. தன் முதுகு வளைவதை அவன் முதுமை என்றும் ஊழ் என்றும் எண்ணி அடங்கி விடுகிறான்.

இந்நோயை ஆராயச் சென்னையில் நால்வர் ஒன்றுசேர்ந்தனர். கிண்டி கிங் நிறுவனத்தின் இயக்குநர் எச். இ. ஷார்ட், மருத்துவப் பேராசிரியர் ஜி. ஆர். மக்ராபர்ட், மருத்துவர் ஏ. எஸ். மன்னாடி நாயர், கதிரியலுக்குப் பார்னார்டு. ஷார்ட் பின்னாளில் மலேரியா நுண்ணுயிர் மனிதக் கல்லீரலில் மறைந்து வளர்வதை 1948இல் கார்ன்ஹாமுடன் சேர்ந்து வெளிப்படுத்திப் பெரும்புகழ் எய்தியவர். நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1937இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. அம்மக்களின் நோய்க்குக் காரணம் குடிநீரில் கரைந்துள்ள ஃபுளோரைடு என்னும் உப்பே என்று அக்கட்டுரை நிறுவியது. குடிநீர் வழியாக ஒரு வட்டாரம் முழுவதிலும் மனித எலும்பைத் தாக்கும் ஃபுளோரோசிஸ் நோயைப் பற்றிய முதன்மையான மருத்துவப் பதிவுகளுள் அது ஒன்று. உலகெங்கும் இந்நோய் பற்றி எழுதுவோர் இன்றும் அதனை எடுத்துக்காட்டுகின்றனர்.

அதற்கு முன் உலகம் அறிந்திருந்தது இரண்டு துண்டுச் செய்திகள். அமெரிக்காவின் கொலராடோ மலைநாட்டில் சிறுவர் பற்களில் பழுப்புக் கறை படிவதைக் கண்ட மக்கே என்னும் பல் மருத்துவர், முப்பது ஆண்டுகள் அதன் காரணத்தைத் தேடினார். நீரில் உள்ள ஃபுளோரைடே காரணம் என்பது 1931இல்தான் புலனாயிற்று. மற்றொரு செய்தி கோபன்கேகனிலிருந்து வந்தது. கிரீன்லாந்திலிருந்து வரும் கிரையோலைட்டு என்னும் கனிமத்தை அரைக்கும் ஆலைத் தொழிலாளரின் நுரையீரலில் தூசு படிந்துள்ளதா என அறிய மருத்துவர்கள் மார்பைப் படமெடுத்தனர். நுரையீரலைத் தேடிய கண்ணுக்கு எலும்புகள் மிகை வெண்மையாகத் தென்பட்டன. 1932இல் வெளியான அச்செய்தி ஆலைத் தூசு பற்றியது. பல்லில் கறை செய்யும் நீருக்கும், எலும்பைக் கல்லாக்கும் தூசுக்கும் பொதுவானது ஒரே பொருள். ஆலையே இல்லாத ஒரு கிணற்றங்கரையில் அவ்விரண்டு செய்திகளும் ஒன்றாய்ச் சேர்ந்தன.

படத்தில் என்ன தெரியும்? இயல்பான எலும்பு எக்ஸ் கதிர்ப் படத்தில் மெல்லிய வலைப்பின்னல் போலத் தோன்றும். இந்நோயில் அவ்வலை மறைந்து, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் விலாக்களும் சுண்ணாம்புக் கட்டிபோல் ஒரே வெண்மையாகின்றன. எலும்புகளை இணைக்கும் நாண்களிலும் சுண்ணச் சத்து படிகிறது. முள்ளெலும்புகளின் ஓரங்கள் முளைவிட்டு ஒன்றோடொன்று கோத்துக் கொள்கின்றன. தண்டுவடம் செல்லும் குழாய் குறுகுவதனால்தான் கால்கள் செயலிழக்கின்றன. முன்கையில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சவ்விலும் சுண்ணம் படிந்து, பலா முள் போன்ற வரிசை தோன்றும்.

இந்த வெண்மை ஏமாற்றவும் வல்லது. முதியோர்க்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் எலும்பில் பரவும்போதும் இடுப்பும் முதுகும் இவ்வாறே வெளுக்கின்றன. இடுப்புப் படம் ஒன்றை மட்டும் கண்டு கருத்து எழுதும் மருத்துவர், கிணற்று நீரால் நலிந்த கிழவரைப் புற்றுநோயாளி என்று முடிவு கட்டிவிடக் கூடும். அக்குடும்பம் நிலத்தை விற்றுப் பெருநகருக்கு ஓடும். வீட்டில் எஞ்சிய குழந்தைகளோ அதே கிணற்றில் அள்ளிக் குடித்துக் கொண்டிருப்பர். தேர்ந்த கதிரியல் மருத்துவர் இங்கே இரண்டு செயல்களைச் செய்வார். முன்கையையும் படமெடுக்கச் சொல்லுவார். அச்சவ்வில் சுண்ணம் படிந்திருத்தல் ஃபுளோரோசிசுக்குரிய வலுவான சான்று. பின்னர், நோயாளியிடம் அவர் ஊரையும் குடிநீரையும் கேட்பார். இரண்டாவது செயலுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் படம் மட்டும் மேசைக்கு வர, நோயாளி வெளிநடையில் அமர்ந்தே திரும்பிப் போகும் முறையில் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போகிறது.

பற்களும் ஒரு சாட்சி சொல்கின்றன. பல்லின் மேற்பூச்சு உருவாவது குழந்தைப் பருவத்தில். ஆகவே ஃபுளோரைடு மிக்க ஊரில் வளர்ந்தவர் பற்களில் மட்டுமே அந்தப் பழுப்புக் கறை இருக்கும். வேற்றூரில் பிறந்து மணமாகி அங்கு வந்த பெண்ணின் பற்கள் முத்துப்போல் வெண்மையாகவே இருக்கும். இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவள் முதுகு மட்டும் விறைக்கும். பல்லில் கறை இல்லை, ஆதலால் இது அந்நோயன்று என்று விலக்குவது பிழை. பிறந்த ஊர் எது, புகுந்த ஊர் எது, வந்து எத்தனை ஆண்டு என்பதெல்லாம் நம் பாட்டிமார் புதியவரைக் கண்டதும் கேட்கும் கேள்விகள். மருத்துவரும் அவற்றையே கேட்க வேண்டியிருக்கிறது.

1937இன் கட்டுரையோடு சென்னை ஆய்வு நின்றுவிடவில்லை. கிங் நிறுவனத்தின் சி. ஜி. பண்டித்தும், நீராய்வில் வல்ல டி. என். எஸ். இராகவாச்சாரி முதலியோரும் 1940இல் மற்றோர் ஆய்வுரை வெளியிட்டனர். ஒரே அளவு ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிப்போரிலும் வறியவர்களே மிகுதியாக முடமாவது ஏன் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினாக்களில் ஒன்று. உணவின் குறைபாடும், வெயிலில் உழைப்பவன் குடிக்கும் நீரின் மிகுதியும் நோயைப் பெருக்குகின்றன. பண்டித் பின்னர் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநரானார். நிழற்படத்தில் தொடங்கிய ஆராய்ச்சி இவ்வாறு கிணற்றுக்கும், அங்கிருந்து சோற்றுத் தட்டுக்கும் சென்றது. கதிரியல் வரலாற்றில் புதுக் கருவிகளின் வருகையைப் பெரிதாகப் பேசுவது வழக்கம். இந்தப் போக்கு அதனினும் பெரிது.

எல்லாம் தெரிந்தபின் மாற்று நீர் உடனே வந்ததா என்றால், இல்லை. நோய் முற்றிய எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். மாற்று நீர் ஒன்றே வழி. 1955இல் ஐதராபாத் பகுதியின் நல்கொண்டா மாவட்டத்தில் இதே நோய் பரவியிருப்பதைச் சித்திக்கி என்னும் மருத்துவர் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். 1973இல் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் இளைஞர்களின் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து ஒன்றோடொன்று முட்டும் புதிய வடிவத்தை இலான்செட் இதழில் வெளியிட்டனர். அதன்பின் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கி ஃபுளோரைடைப் படிய வைக்கும் முறையை வகுத்தது. அதற்கு நல்கொண்டா முறை என்றே பெயர். குடத்து நீரிலும் செய்யத்தக்க எளிய முறைதான். எனினும் நாள்தோறும் அளவறிந்து மருந்து கலப்பதையும், அடியில் தங்கும் கசடை அகற்றுவதையும் ஏழை வீட்டுப் பெண்ணின் தோளில் ஏற்றிய எந்த முறையும் நெடுநாள் நிலைப்பதில்லை.

தமிழகத்தில் இந்நோயின் வாட்டம் மிகுந்தவை தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள். கருங்கல் பாறைகளின் இடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீர் அப்பாறையின் ஃபுளோரைடைக் கரைத்துக் கொள்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் மக்கள் அந்தப் பாறை நீரையே மிகுதியாகக் குடிக்க நேர்ந்தது. மழைநீர் தேங்கிய ஏரியையும் ஊற்றுக் கிணற்றையும் நம்பியிருந்த முன்னோர்க்கு இத்துன்பம் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என்பது உலக நல நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமையே ஏற்புடையதாகக் கொண்டு, வேறு நீர் கிட்டாத இடத்தில் மட்டும் 1.5 வரை இசைகிறது. அவ்வரம்பைக் கடந்த ஊர்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு சேர்க்கச் சப்பான் நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

பார்னார்டும் தோழர்களும் எழுதிய 1937க்கும் அந்தக் காவிரி நீர் குழாயில் வந்த 2013க்கும் இடையே 76 ஆண்டுகள். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதற்குள் பல் முளைத்துவிட்டது.

இந்நாளில் படங்கள் கணினியில் தோன்றுகின்றன. இருட்டறை மறைந்தது, ஊரகப் பகுதியில் எடுத்த படத்தை நொடியில் வேற்று நகரத்து மருத்துவர் பார்த்துக் கருத்து எழுதுகிறார். வத்திராயிருப்பிலிருந்து சென்னைக்கு நோயாளி பயணம் செய்ய வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. படத்தோடு செல்லும் சீட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த உறுப்பு என்பவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பெரும்பாலும் கட்டம் இருப்பதில்லை. படம் எடுக்கப் போகிறவரோ உடன் செல்லும் பிள்ளைகளோ ஊரின் பெயரையும், எத்தனை ஆண்டாக எந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறார் என்பதையும் அந்தச் சீட்டின் ஓரத்தில் எழுதித் தரலாம். முதுகு விறைத்த முதியவர் ஒருவரின் படத்தை எங்கோ தொலைவில் அமர்ந்து பார்க்கும் மருத்துவருக்கு, முன்கையையும் ஒரு படம் எடுக்கச் சொல்ல அந்த ஒரு வரி போதும்.